கண்ணாடி முன்னாடி நிக்கிற ஆள் யாரப் பாக்குறார்?

படம் பாக்குறப்ப கண்ணாடி வர்ற சீன் வந்துட்டா நான் அங்கயே நிறுத்திடுவேன், ரொம்ப வருஷமா இருக்குற பழக்கம். நிறுத்திட்டு தேடுறது ஒளிஞ்சிருக்குற காமிராவையோ லைட் ஸ்டாண்டையோ இல்ல. நடிக்கிறவரோட கருவிழி எந்தப் பக்கம் நிக்குதுன்னுதான் பாப்பேன். கண்ணாடி சீன்னாலே எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "அவன் தன்னைத்தானே பாத்துக்குறான், உள்ளுக்குள்ள இருக்குற இன்னொருத்தன நேருக்கு நேர் சந்திக்கிறான்"னு. விமர்சனம் எழுதுறவங்களும் இதத்தான் சொல்றாங்க, யூட்யூப்ல பேசுறவங்களும் இதத்தான் சொல்றாங்க. எனக்கு இது பாதி உண்மைன்னுதான் தோணுது. மனசுல ஒட்டிக்கிட்ட கண்ணாடி சீன்கள ஒவ்வொண்ணா எடுத்து நிதானமா பாத்தா, நெறைய இடத்துல அந்த ஆள் தன்னப் பாக்குறதே இல்ல. நம்மளத்தான் பாக்குறார். அந்த சீன் நம்மள விடாம பிடிச்சு வச்சிருக்குறதுக்கு அதுதான் காரணம்னு நான் நம்புறேன்.

சந்தேகம் இருந்தா இப்பவே செஞ்சு பாருங்க. கூட இருக்குற யாரையாவது கண்ணாடி முன்னாடி நிக்கச் சொல்லிட்டு நீங்க ஃபோன் காமிராவோட அவங்களுக்குப் பின்னாடி, ஒரு பக்கமா தள்ளி நில்லுங்க. அவங்க முதுகும் தோளும் ஃபிரேம்ல ஒரு ஓரமா இருக்கணும், கண்ணாடிக்குள்ள அவங்க முகம் தெளிவா விழணும். சினிமால ஆயிரம் தடவ பாத்த அதே கோணம். ஸ்க்ரீன்ல பாத்தா அவங்க தன் முகத்தப் பாத்துட்டு நிக்கிற மாதிரிதான் இருக்கும். இப்ப "கண்ணாடில என்ன தெரியுது"ன்னு கேளுங்க. உங்க முகத்துக்கு நேரா பாத்துட்டு இருந்தாங்கன்னா "நீதான் தெரியுற, கையில ஃபோன் தெரியுது"ம்பாங்க. வெளிச்சம் போற பாதையும் வர்ற பாதையும் ஒண்ணுதான், அவங்க முகம் கண்ணாடி வழியா உங்களுக்குத் தெரியுதுன்னா உங்க முகமும் அதே வழியா அவங்களுக்குத் தெரிஞ்சே ஆகணும். நிஜமாவே தன் கண்ணத் தானே பாக்கச் சொன்னீங்கன்னா, உங்க ஸ்க்ரீன்ல அவங்க பார்வ கொஞ்சம் விலகி வேற எங்கயோ போகும்.

இதுக்கு ஒரு பேரே இருக்கு, வீனஸ் விளைவு. மார்க்கோ பெர்தமீனிங்குற உளவியல் ஆய்வாளரும் அவர்கூட வேல செஞ்சவங்களும் 2003-ல வச்ச பேர். லண்டன் நேஷனல் கேலரில வெலாஸ்கெஸ் வரைஞ்ச ஒரு ஓவியம் இருக்கு, 17-ஆம் நூற்றாண்டு நடுவுல வரைஞ்சது. வீனஸ் நமக்கு முதுகக் காட்டிப் படுத்திருப்பா, குட்டிக் க்யூபிட் ஒரு கண்ணாடியப் பிடிச்சிட்டு இருப்பான், அதுக்குள்ள அவ முகம் மங்கலா தெரியும். பாக்குறவங்க எல்லாரும் "தன் அழகத் தானே ரசிக்கிறா"ன்னு சொல்லுவாங்க. நமக்கு அவ முகம் தெரியுதுல்ல, அப்ப அவளுக்குத் தெரியுறது நம்ம முகம்தான். முந்நூறு வருஷத்துக்கும் மேலா தன்னப் பாக்க வர்ற கூட்டத்த அவ பாத்துட்டு இருக்கா, வந்தவங்கதான் அத உணரல.

சினிமாக்காரங்களுக்கு இது ரொம்பப் பெரிய வசதி. நடிக்கிறவங்க லென்ஸப் பாக்கக்கூடாதுங்குறது ஷூட்டிங்ல முதல் நாளே சொல்லிக் குடுக்குற விஷயம், பாத்துட்டா கத உடஞ்சு போயிடும். கண்ணாடி ஒண்ணு நடுவுல வந்துட்டா அந்தத் தடை கிட்டத்தட்ட நீங்கிடும். லென்ஸுக்குப் பக்கத்துல ஒட்டின சின்ன மார்க்கையோ, சில நேரம் லென்ஸோட பிம்பத்தையோ பாத்து நடிச்சாலும் நாம "தன்னப் பாத்துக்குறார்"னு எடுத்துக்குவோம். அப்படி எடுத்துக்கிட்டாலும் உள்ளுக்குள்ள எங்கயோ, ஒருத்தர் நம்மள நேரா பாக்குறார்ங்குற கூச்சம் மட்டும் தங்கிடும்.

டாக்ஸி டிரைவர் படத்த எடுத்துக்குங்க, 1976, இயக்கம் ஸ்கோர்செஸி, டாக்ஸி ஓட்டுற ட்ராவிஸா நடிச்சது ராபர்ட் டி நீரோ. அந்த சீனப் பத்தி எல்லாருக்கும் தெரியும், பால் ஷ்ரேடரோட ஸ்க்ரிப்ட்ல கண்ணாடி முன்னாடி பேசிக்கிறான்னு மட்டும்தான் இருந்துச்சு, வசனம் கிடையாது, டி நீரோ அங்கயே நின்னு உருவாக்கினது. என்கிட்டயா பேசுற, என்கிட்டயான்னு திரும்பத் திரும்பக் கேப்பான், சட்டைக் கைக்குள்ள ஒளிச்சு வச்ச துப்பாக்கி சர்ருன்னு உள்ளங்கைக்கு வரும். மனசுல நிக்கிற அந்த ஃபிரேம்ல கண்ணாடியோட சட்டம் கூட கண்ணுல படாது. நாம பாக்குறது ஆளையா பிம்பத்தையான்னே பிரிச்சு சொல்ல முடியாது. அப்புறம் அவன் சொல்றான், இங்க என்னத் தவிர வேற யாரும் இல்லையேன்னு. எனக்கு ஒவ்வொரு தடவையும் முதுகுல சில்லுங்குற இடம் அதுதான். இன்னொருத்தர் இருக்கோமே, நாம இருக்கோமே! அவன் துப்பாக்கிய நீட்டிப் பழகுறது நம்ம பக்கம் பாத்து. ட்ராவிஸ் தன் மனசாட்சியோட பேசுறான்னு சொல்றத என்னால ஏத்துக்க முடியல, அவனுக்கு சண்ட போட ஒரு ஆள் வேணும், யாரும் கிடைக்கல, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் உக்காந்திருந்தாலும் போதும்னு அவன் எடுத்த முடிவு அது.

அந்தப் படம் முடியுறதும் ஒரு கண்ணாடிலதான், அதப் பத்தி யாரும் அவ்வளவா பேசுறதில்ல. எல்லாம் அடங்கி, அவன் ஹீரோன்னு பேப்பர்ல வந்து, பழையபடி டாக்ஸி ஓட்டிட்டு போவான். ரியர் வியூ மிரர்ல எதையோ பாத்தவன் மாதிரி சட்டுன்னு கண்ணு திரும்பும், கை போய் கண்ணாடியத் திருப்பும், ஒரு விநாடி கூட இருக்காது. அவன் மனசு குணமாகல, எதுவுமே முடியலன்னு அந்த ஒரு அசைவு சொல்லிடும். கார்ல இருக்குற அந்தச் சின்னக் கண்ணாடில முகம் முழுசா விழாது, கண்ணு மட்டும்தான் விழும். அதனாலயே அதுக்கு இவ்வளவு பலம்னு நெனைக்கிறேன். இதே ரகத்துல இன்னொண்ணு, ஜுராசிக் பார்க்ல (1993) ஜீப்போட சைடு மிரர் முழுக்க டி-ரெக்ஸோட வாய், அதுக்குக் கீழ "கண்ணாடில தெரியுறது தெரியுறத விடப் பக்கத்துல இருக்கு"ங்குற வழக்கமான எச்சரிக்கை. எல்லா கார்லயும் இருக்குற வாசகம், ஸ்பீல்பெர்க் அதுக்கு மேல ஒரு வார்த்த கூட சேக்கல.

ஸ்கோர்செஸியும் டி நீரோவும் 1980-ல ரேஜிங் புல் எடுத்தப்ப மறுபடி ஒரு கண்ணாடி வந்துச்சு, ஆனா இந்தத் தடவ வேல நேர் எதிர். குத்துச்சண்டைக்காரர் ஜேக் லமோட்டா, உடம்பு பெருத்து, கிளப்ல மேடை ஏறிப் பேசிப் பொழைக்கிற காலம். மேக்கப் ரூம் கண்ணாடி முன்னாடி உக்காந்து 1954-ல வந்த ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்ல மார்லன் பிராண்டோ தன் அண்ணன்கிட்ட சொல்ற வசனத்த ஒப்பிப்பார், நான் பெரிய ஆளா வந்திருக்க வேண்டியவன், அத உன்னாலதான் இழந்தேன்னு. உணர்ச்சி காட்ட மாட்டார், மனப்பாடம் பண்ணினத சொல்ற மாதிரி தட்டையா சொல்லுவார். பிராண்டோவுக்கு எதிர்ல ஒரு அண்ணன் உக்காந்திருந்தார். இங்க எதிர்ல இருக்குறது தன்னோட பிம்பம். ஜேக்குக்கும் ஒரு தம்பி உண்டு, ஜோ பெஸ்சி நடிச்சது, அவர்கூட உறவு நாசமாப் போனத மொத்தப் படமும் காட்டியாச்சு. அப்ப "உன்னாலதான்"னு சொல்றது யாரப் பாத்து? தம்பியையா, இல்ல கண்ணாடில உக்காந்திருக்குற இந்த ஆளையா? நாம இங்க வெளில நிக்கிறோம், நம்மள அவர் கண்டுக்கவே இல்ல. தன்னைத்தானே பாக்குறதுன்னு சொல்றது சரியாப் பொருந்துற சீன் இதுதான். கடைசில "டைம் ஆச்சு"ன்னு கூப்பிட வர்ற ஆளா ஸ்கோர்செஸியே வந்திருக்கார்.

இதெல்லாம் எப்படி எடுக்குறாங்கன்னு கொஞ்சம் சொல்லணும், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். கண்ணாடி ஷாட்ல ஃபோகஸ் புல்லருக்கு, அதாவது காமிராவோட ஃபோகஸ சரி பண்ற ஆளுக்கு, தலவலி உறுதி. கண்ணாடில இருக்குற பிம்பம் கண்ணாடியோட பரப்புல இல்ல, அதுக்குப் பின்னாடி அதே அளவு தூரத்துல இருக்கு. காமிரா கண்ணாடிலேர்ந்து 2 மீட்டர், நடிகர் கண்ணாடிலேர்ந்து 1 மீட்டர்னா பிம்பத்துக்கு ஃபோகஸ் 3 மீட்டர்ல வைக்கணும். சட்டத்துல வச்சா முகம் மங்கிடும், முகத்துல வச்சா கண்ணாடி மேல இருக்குற தூசியும் கைரேகையும் மறைஞ்சிடும், முன்னாடி தெரியுற தோள் வேற ஒரு தூரம். ஒரே ஃபிரேம்ல மூணு தூரம், அதுல எது முக்கியம்னு இயக்குநர் முடிவு பண்ணியே ஆகணும். காமிராவ மறைக்க கண்ணாடிக்குப் பின்னாடி சின்ன ஆப்பு வச்சு லேசா சாய்ப்பாங்க, காமிராவுக்குக் கறுப்புத் துணி போத்துவாங்க, பளபளப்பக் குறைக்க டல்லிங் ஸ்ப்ரே அடிப்பாங்க. எதுவும் வேலைக்காகலன்னா கண்ணாடியவே தூக்கிடுவாங்க.

அப்படித் தூக்கின இடங்கள்தான் பெரும்பாலும் நம்ம மறக்காத இடங்கள். லா ஏன் படத்துல (1995) வின்சென்ட் கேசல் பாத்ரூம்ல நின்னு டாக்ஸி டிரைவர் வசனத்தச் சொல்லிப் பாப்பார், காமிரா பின்னாடிலேர்ந்து கண்ணாடிக்கு நேரா நகந்து போகும், காமிரா மட்டும் கண்ணாடில விழாது. எப்படி விழும், அங்க கண்ணாடியே இல்ல. சுவத்துல சட்டம் மாட்டின ஓட்டை, முதுகக் காட்டிட்டு நிக்கிறது டூப், எதிர்ப்பக்கம் நம்மளப் பாத்து நிக்கிறது கேசல். டெர்மினேட்டர் 2-ல (1991) இதவிடப் பெரிய ஏற்பாடு. ரோபோவா வர்ற ஆர்னால்டோட மண்டையத் திறந்து சிப்ப எடுக்குற சீன், தியேட்டர்ல வந்ததுல கிடையாது, அப்புறம் வந்த ஸ்பெஷல் எடிஷன்ல சேத்தாங்க. நமக்குக் கிட்ட இருக்குறது ஆர்னால்ட் மாதிரி செஞ்ச பொம்ம, அத நோண்டிட்டு இருக்குறது லிண்டா ஹாமில்டனோட இரட்டைச் சகோதரி லெஸ்லி. ஓட்டைக்கு அந்தப் பக்கம் நிஜ ஆர்னால்டும் நிஜ லிண்டாவும். அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே மாதிரி கைய அசைக்கணும். கம்ப்யூட்டர்ல பெரிய சாதன பண்ணின படம்னு பேர் வாங்கினது, அதுலயே இப்படி ஒரு நாடக மேடை வித்த!

ஆனா கண்ணாடி இல்லாத கண்ணாடி சீன்னா எனக்கு ஒண்ணுதான் ராஜா. டக் சூப், 1933, க்ரவுச்சோ, ஹார்ப்போ, சிக்கோன்னு அண்ணன் தம்பிங்க சேந்து நடிச்ச மார்க்ஸ் பிரதர்ஸ் நகைச்சுவைப் படம், இயக்கம் லியோ மெக்கேரி. ராத்திரி நேரம், க்ரவுச்சோ மாதிரியே வெள்ள நைட் கவுன், தொப்பி, மை மீசை, மூக்குக் கண்ணாடி எல்லாம் மாட்டிட்டு ஹார்ப்போ திருட வந்திருப்பார். ஓடுற ஓட்டத்துல ஆளுயர நிலைக்கண்ணாடில மோதி அத சுக்குநூறா ஆக்கிடுவார். க்ரவுச்சோ வந்துடுவார். தப்பிக்க வழியில்லாம ஹார்ப்போ அந்தக் காலி சட்டத்துக்குள்ள நின்னு பிம்பமா நடிக்க ஆரம்பிப்பார். வசனம் கிடையாது, இசை கிடையாது, பேசும் படம் வந்து சில வருஷம்தான் ஆயிருக்கு, அந்த நேரத்துல முழு நிசப்தத்துல இந்த விளையாட்டு.

இதுல ரெண்டு இடத்த நிறுத்தி நிறுத்திப் பாருங்க. முதல் இடம், க்ரவுச்சோ ஒரு முழுச் சுத்து சுத்தி ரெண்டு கையையும் விரிச்சு நிப்பார். ஹார்ப்போ சுத்தவே மாட்டார், அவர் முதுகு திரும்பியிருக்குற நேரம் சும்மா நின்னுட்டு, முடியுற நேரத்துக்கு கைய மட்டும் விரிப்பார். க்ரவுச்சோவுக்கு தெரியாது, நமக்குத் தெரியும். ரெண்டாவது இடம் இன்னும் பிரமாதம். ரெண்டு பேரும் முதுகுக்குப் பின்னாடி தொப்பிய மறச்சு வச்சுட்டு வட்டமா சுத்தி வருவாங்க, கண்ணாடி இருக்க வேண்டிய கோட்டத் தாண்டி இடமே மாறிடுவாங்க, இவர் அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம். பிம்பம் கண்ணாடிக்கு வெளிய வந்தாச்சு, அப்பவும் விளையாட்டு நிக்காது. அப்புறம் ஹார்ப்போ கையிலேர்ந்து தொப்பி விழும், க்ரவுச்சோவே குனிஞ்சு எடுத்துக் குடுப்பார், ஹார்ப்போ தலையசச்சு நன்றி சொல்லுவார். பிம்பத்துக்கு உதவி பண்ணினதுக்கு அப்புறம் எதிர்ல இருக்குறது கண்ணாடி இல்லன்னு க்ரவுச்சோவுக்கும் தெரிஞ்சிருக்கணும், தெரிஞ்சும் அவர் விளையாடுறார்னுதான் நான் எடுத்துக்குறேன், அந்த இடத்துல எனக்கு ஏற்படுற சந்தோஷத்த வேற எந்த நகைச்சுவைக் காட்சியும் குடுத்ததில்ல. கடைசில மூணாவதா ஒரு க்ரவுச்சோ, சிக்கோ, அதே வேஷத்துல நடந்து வந்து எல்லாத்தையும் கெடுத்து வச்சிடுவார். மேக்ஸ் லிண்டர் 1921-லயே இந்த மாதிரி ஒரு உடஞ்ச கண்ணாடி விளையாட்ட படமா எடுத்திருக்கார், யோசன புதுசில்ல. ஆனா கோட்டத் தாண்டி இடம் மாறுற துணிச்சலுக்காகவே மார்க்ஸ் பிரதர்ஸ்தான் எனக்கு மேல.

ஒரு பக்கம் சிரிப்பு, இன்னொரு பக்கம் பிரெஞ்சு இயக்குநர் ழான் காக்தோ. அவருக்குக் கண்ணாடி சாவோட வாசல். ஆர்ஃபே படத்துல (1950) ரப்பர் கையுற மாட்டின கைகள் கண்ணாடிக்குள்ள இறங்கும், பரப்பு லேசா நடுங்கும், கை காணாமப் போகும். அது படுக்க வச்ச பாதரசத் தொட்டி. தண்ணியா இருந்தா உள்ள போன கையும் தெரியும், பாதரசத்துல உள்ள போனது உடனே மறையும், வெளிய இருக்குறதோட பிம்பம் மட்டும் தெரியும். கதைப்படி அந்தப் பக்கம் போக கையுற அவசியம், ஷூட்டிங்குக்கும் பாதரசத்துல கைய விடுறதுக்கு கையுற அவசியம், ரெண்டும் ஒண்ணாயிடுச்சு. இப்ப இருக்குற கம்ப்யூட்டர் வேலையில இதே நடுக்கத்தக் கொண்டு வரப் பாக்குறாங்க, அந்தக் கனம் வர்றதில்ல.

இனி கண்ணாடி அளவுக்கு மீறி இருக்குற சீன்கள். சாப்ளினோட தி சர்க்கஸ்ல (1928) கண்ணாடிக் கூடத்துக்குள்ள போலீஸ் துரத்தும், எந்த சாப்ளின் நிஜம்னு அவருக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. புரூஸ் லீயோட என்டர் தி டிராகன்லயும் (1973) அதே கூடம்தான், அங்க லீ ஒரு கட்டத்துல குருவோட வார்த்த நெனவுக்கு வந்து பிம்பங்கள ஒவ்வொண்ணா உடச்சிட்டு போவார். நடுவுல ஆர்சன் வெல்ஸோட தி லேடி ஃப்ரம் ஷாங்காய் (1947). கொலம்பியா ஸ்டூடியோ வெல்ஸ்கிட்டேர்ந்து படத்தப் பிடுங்கி நெறைய வெட்டிட்டாங்க, கண்ணாடிங்க நெறஞ்ச கேளிக்கைக் கூடத்துல நடக்குற காட்சியும் ரொம்பச் சுருங்கிடுச்சு, மிச்சம் வந்ததே இவ்வளவு பயங்கரமா இருக்கு.

அங்க வயசான வக்கீல் பேனிஸ்டர், ரெண்டு கைத்தடி ஊனி நடக்குறவர், எவரெட் ஸ்லோன் நடிச்சது. எதிர்ல மனைவி எல்சா, ரீட்டா ஹேவொர்த், கையில துப்பாக்கி. ஒரு ஃபிரேம்ல அவரே பல பேர், அதுக்கு மேல அவளோட முகம் ராட்சச அளவுல. உன்னக் கொல்றது என்னையே கொல்றதுதான், ரெண்டும் ஒண்ணுதான், ஆனா நம்ம ரெண்டு பேர் மேலயும் எனக்கு சலிப்பு வந்துடுச்சுன்னு பேனிஸ்டர் சொல்லுவார். அப்புறம் சுடுவாங்க. குண்டு பட்டதும் விழுறது ஆள் இல்ல, கண்ணாடி. யார் யாரச் சுட்டாங்க, யாருக்குப் பட்டுச்சு, கண்ணாடி எல்லாம் கொட்டி முடியுற வர தெரியாது, அதுக்கப்புறம்தான் ரெண்டு உடம்பு தெரியும். இவ்வளவு நேரம் ஒருத்தருக்கொருத்தர் காட்டினது பொய் முகம், அந்த முகம் எல்லாம் உடஞ்சு தீந்தாத்தான் ஒருத்தர் கண்ணுக்கு இன்னொருத்தர் அகப்படுறாங்க. இதே வெல்ஸ் சிட்டிசன் கேன்ல (1941) எதிரும் புதிருமா வச்ச கண்ணாடிக்கு நடுவுல கேன நடக்க விட்டிருக்கார், முடிவில்லாம கேன் வரிச. அதுல ஒரு கேன் கூட தன்னத் திரும்பிப் பாக்க மாட்டார், நேரா நடந்து போயிடுவார். பாக்க மறுக்குற ஆள் இவர்.

முகல்-ஏ-ஆஸம் (1960) இல்லாம இந்தப் பேச்சு முடியாது. இயக்குநர் கே. ஆசிஃப் கட்டின ஷீஷ் மஹல், அதாவது கண்ணாடி மாளிகை செட், கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் எடுத்துச்சுன்னு சொல்லுவாங்க, பெரும்பகுதி கறுப்பு வெள்ளையான படத்துல அங்க எடுத்த பாட்டு கலர்ல மின்னும். சுவர், கூரை எல்லாம் கண்ணாடி, விளக்கப் போட்டா எல்லாப் பக்கமும் கண்ணு கூசுற மாதிரி திருப்பி அடிக்கும். கண்ணாடி மேல மெழுகு பூசிப் பாத்தாங்க, அப்புறம் ஒளிப்பதிவாளர் ஆர்.டி. மாத்தூர் வெளிச்சத்த நேரா விடாம துணியில பட்டுத் திரும்புறத வச்சு எடுத்தார். இந்தக் கஷ்டமெல்லாம் எதுக்கு? அனார்கலியா வர்ற மதுபாலா அரசவையில ஆடுறா, காதலிச்சா பயம் எதுக்குன்னு பாதுஷா முகத்துக்கு நேரா பாடுறா. நம்ம காதல் மறையாது, எல்லாப் பக்கமும் அவர்தான்னு பாட்டு போற இடத்துல கூரை பூரா மதுபாலா. அக்பர், பிருத்விராஜ் கபூர், தல தூக்கிப் பாக்குறார். ஒரு பொண்ணப் பிடிச்சு சிறையில போடலாம், தன் அரண்மனக் கூரையில இருக்குற இத்தன பேர என்ன பண்ணுவார்? அந்தக் கண்ணாடி எல்லாம் அவரோட செல்வம், அவரோட பெருமை, அதுவே இப்ப அவ பக்கம் சேந்துடுச்சு. இங்க கண்ணாடி பாக்குற ஆள் ஆடுறவ இல்ல, சிம்மாசனத்துல இருக்குறவர்.

தன்னப் பாக்குறதப் பத்தியே முழுசா ஒரு படம் வேணும்னா ஆனியெஸ் வார்தாவோட க்ளேயோ ஃப்ரம் 5 டு 7 (1962). பாடகி க்ளேயோவுக்கு கேன்சர் டெஸ்ட் ரிசல்ட் சாயங்காலம் வரணும், அதுவரைக்கும் பாரிஸ்ல அவ கழிக்கிற நேரம்தான் படம். சீட்டு வச்சு ஜோசியம் பாத்துட்டு அழுதுட்டே இறங்கி வர்றவ வாசல் பக்கம் ஒரு கண்ணாடி முன்னாடி நிப்பா, எதிர்லயும் கண்ணாடி, எண்ண முடியாத க்ளேயோக்கள். அழகா இருக்குற வர நான் மத்தவங்கள விட அதிகமா உயிரோட இருக்கேன்னு மனசுக்குள்ள சொல்லிக்குவா. தொப்பிக் கடையில மறுபடி கண்ணாடி, வீட்லயும் கண்ணாடி. படத்துக்கு நடுவுல விக்கக் கழட்டி வீசிட்டு, கறுப்பு டிரஸ் மாட்டிட்டு தனியா வெளிய கிளம்புவா. தெருவுல ஒரு கண்ணாடி முன்னாடி நின்னு யோசிப்பா, எல்லாரும் என்னத்தான் பாக்குறாங்கன்னு நெனச்சேன், நான் என்ன மட்டுமே பாத்துட்டு இருந்திருக்கேன், என் பயமே என் முகத்துல எனக்குத் தெரியலன்னு. அதுக்கப்புறம் காமிராவோட வேல மாறிடும். க்ளேயோ நடக்க நடக்க, தெருவுல போறவங்க, காபி குடிக்கிறவங்க, அவங்க முகமெல்லாம் அவ கண்ணு வழியா நமக்கு வர ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்துல சிநேகிதியோட கைப்பை கீழ விழுந்து சின்னக் கண்ணாடி ஒண்ணு உடையும், க்ளேயோ அத கெட்ட சகுனம்னு பயப்படுவா. நான் அப்படிப் பாக்கல, அவளுக்கு இனிமே அது தேவைப்படாதுன்னு வார்தா முடிவு பண்ணிட்டாங்க.

பேய்ப் படத்துல பாத்ரூம் கேபினெட் கண்ணாடியத் திறந்து மூடினா பின்னாடி ஒருத்தர் நிப்பார்ல, அத நான் கணக்குல சேக்கல. முதல்ல யார் செஞ்சாங்களோ அவங்களுக்கு மரியாத, இப்ப அது வெறும் சத்தம். அதே கேபினெட்ட வச்சு ராபர்ட் செமெக்கிஸ் கான்டாக்ட்ல (1997) பண்ணினது வேற ரகம். அப்பா கீழ விழுந்து கிடக்கார், குட்டிப் பொண்ணு எல்லி மருந்து எடுக்க மாடிப்படி ஏறி ஓடி வர்றா, காமிரா அவளுக்கு முன்னாடி பின்வாங்கிட்டே போகுது, ஓட்டம் மெதுவாகுது, கை நீளுது, நீண்ட கை கேபினெட் கதவத் திறக்குறப்பதான் தெரியும், கடைசி நேரம் வர நாம பாத்துட்டு இருந்தது கண்ணாடிக்குள்ள இருந்த பிம்பம்னு. தனித்தனியா எடுத்து ஒட்டினது, கண்ணாடி இருக்குற இடத்துல ப்ளூ ஸ்க்ரீன் வச்சு எடுத்தது. வித்தையா மட்டும் பாத்தா தல சுத்தும். எனக்குப் பிடிச்சது வித்த இல்ல, அவ எவ்வளவு வேகமா ஓடியும் நம்மகிட்ட வந்து சேரல, ஏன்னா அவ வேற திசையில ஓடிட்டு இருந்திருக்கா. மருந்து நேரத்துக்குப் போய்ச் சேராதுன்னு வசனமே இல்லாம அந்த ஷாட் சொல்லிடுது.

கிறிஸ்டியன் மெட்ஸ்னு ஒரு பிரெஞ்சு சினிமா சிந்தனையாளர், திரை கண்ணாடி மாதிரிதான், ஆனா பாக்குறவரோட சொந்த உடம்பு மட்டும் அதுல விழாதுன்னு 70-கள்ல எழுதினார். நான் இதுவர சொன்ன எல்லா சீனும் அந்த ஒரு குறையச் சுத்தியேதான் வருது. விழ வேண்டிய இடத்துல நாம விழல, அந்தக் காலி இடத்துல ட்ராவிஸ் கண்ணு வந்து நிக்குது.

இப்ப எடுக்குற படங்கள்ல கண்ணாடி முன்னாடி நிக்கிறது குறஞ்சுட்டே வருது, எல்லாரும் தன் முகத்தப் பாக்குறது ஃபோன்ல. முன்பக்கக் காமிரா காட்டுற ப்ரிவ்யூ கண்ணாடி மாதிரியே இடம் வலம் மாத்திக் காட்டும், வீடியோ கால்ல எதிராளியோட பேசிட்டே மூலையில இருக்குற நம்ம சின்னக் கட்டத்தத்தான் பாத்துட்டு இருப்போம். இவ்வளவு வளமான விஷயம், நான் பாத்த வர பெரும்பாலான படத்துல ஃபோன்னா மெசேஜ் வர்ற பலகையாத்தான் காட்டுறாங்க. டக்ளஸ் சர்க் 1955-ல ஆல் தட் ஹெவன் அலௌஸ் எடுத்தப்ப, காதலிச்ச தோட்டக்காரன பிள்ளைங்களுக்காக விட்டுட்டு வந்த விதவைக்கு பிள்ளைங்க டிவி பெட்டி ஒண்ண பரிசா வாங்கிக் குடுப்பாங்க. விக்க வந்தவர் இத ஆன் பண்ணினா உலகமே உங்க விரல் நுனிலன்னு பேசிட்டே இருப்பார், அணைஞ்சு கிடக்குற அந்தத் திரையில விதவையா நடிச்ச ஜேன் வைமனோட முகம் தெரியும், சட்டத்துக்குள்ள அடச்சு வச்ச மாதிரி. டிவி வீட்டுக்குள்ள வந்த புதுசுலயே அதுக்குள்ள இருக்குற கண்ணாடிய சர்க் கண்டுபிடிச்சிட்டார், நம்ம கையில இருக்குற திரைக்கு அந்த மாதிரி ஒரு ஷாட்ட யாராவது எடுத்துக் காட்டணும்னு நான் ரொம்ப ஆசையா காத்துட்டு இருக்கேன், ஏற்கனவே வந்திருந்தா கண்டிப்பா சொல்லுங்க, பாக்கணும்.